டாங்கிக்குச் சாராயம் ஊற்றியவன்

எங்கள் ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் எனக்கு ஒரே வரவேற்புதான். கல்யாணமோ, பன்றி வெட்டும் நாளோ, சாராயக் குடுவை வைத்திருப்பவன் என்னைக் கண்டதும் அதன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "உனக்கா, உன் வண்டிக்கா?" என்று கேட்பான். கூடியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். முப்பத்தைந்து வருஷமாக நடக்கிற கேலி இது. முதலில் கேட்டவர்களில் பாதிப்பேர் செத்துப்போய், இப்போது அவர்களுடைய பிள்ளைகள் கேட்கிறார்கள்.

என் பெயர் பகோஷ் வெந்தெல். வயது அறுபத்தொன்று. கூட்டுப்பண்ணைக் கொட்டகையில் டிராக்டர்களைப் பழுது பார்க்கிறேன். பிறந்தது வேறு மாவட்டம். ஆஸ்திரிய எல்லைப் பக்கமுள்ள இந்த ஊருக்கு மருமகனாக வந்து சேர்ந்தவன். எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் அந்தக் கேலியின் கதை. அதில் பாதிதான் ஊருக்குத் தெரியும். மீதியை என் மனைவி பிரோஷ்காவிடம்கூட நான் சொன்னதில்லை. இந்த வயதுக்கு மேல் எனக்கென்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன்.

போரில் நான் டாங்கி ஓட்டினேன். வீரன் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் எடுக்க வந்தவர் யாருக்காவது டிராக்டர் ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். வரிசையில் நின்ற புத்திசாலிகளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கினேன். அப்படித்தான் ஹங்கேரிய ராணுவத்துக்கு ஒரு டாங்கி ஓட்டுநர் கிடைத்தான். எங்கள் டாங்கி பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். அதன் குண்டு ரஷ்ய டாங்கியின் மேல் பட்டால் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டின மாதிரி இருக்கும். அவர்களும் யாரென்று பார்க்கப் பீரங்கியைத் திருப்புவார்கள். நாங்கள் பின்னால் ஓடுவோம். பின்னால் ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்காக ஒரு பதக்கம்கூடக் கொடுத்தார்கள், துணிச்சலுக்கு என்று எழுதி.

ஐந்து பேர் ஓட்ட வேண்டிய வண்டி. நாற்பத்தைந்தாம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம். மற்ற இருவரும் ரொட்டி வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள். ரொட்டி இன்னும் வேகவில்லை போலிருக்கிறது.

மிஞ்சியவர்களில் பெரியவர் சார்ஜெண்ட் அம்புருஷ். போருக்கு முன்னால் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். கொடிக்கு முன்னால் எடுத்த உறுதிமொழியை அவர் ஒருவர்தான் நிஜமாகவே எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்ததும் டாங்கிக்கு ஒரு சல்யூட் அடிப்பார். முதலில் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நாங்களும் அடிக்க ஆரம்பித்தோம், காரணம் கேட்டால் எனக்குத் தெரியாது. அடுத்தவன் டாங்கியின் பீரங்கியைச் சுடுகிற தெஜோ. சமவெளிக்காரன், ஒல்லிக்குச்சி, ஓயாத வாய். மூன்று வருஷம் என் தலைக்கு மேல் உட்கார்ந்து பூட்ஸ் காலால் என் தோளில் தட்டி, இடது, வலது, நில், ஓடு என்று வழி காட்டினவன். என் தோளுக்கு இன்னும் அந்தக் கால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இந்த ஊருக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு அந்தக் காலில்தான் குண்டுச்சிதறல் பாய்ந்தது. இடது ஆடுசதை. பெரிய காயமில்லை என்று அவனே சொன்னான். கட்டுப் போட்டு ஏற்றிக்கொண்டு வந்தோம். பாலத்துக்குப் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும், பெட்ரோல் வரும், அதுவரை நகரக்கூடாது என்று உத்தரவு. லிடி பெரியம்மா என்ற விதவை, என் வருங்கால மாமியார், தன் சமையலறை அடுப்புப் பக்கத்தில் பெஞ்சை இழுத்துப்போட்டுத் தெஜோவைப் படுக்க வைத்தாள். பிரோஷ்கா கட்டை மாற்றினாள். மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தவள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். சதை அழுகினால்தான் அந்த வாடை வரும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அன்றைக்குள் அவனை டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் ஆளே போய்விடுவான்.

பதினான்கு கிலோமீட்டர் தூரத்தில் நகர ஆஸ்பத்திரி. டாங்கியை நகர்த்த உத்தரவில்லை, ஊரில் ஒரு குதிரை கிடையாது, ஒரு எருது கிடையாது. பின்வாங்கிப் போன படைகள் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டன. நல்லவேளையாக எட்டு மணிக்கு எங்கள் ரெஜிமெண்ட் லாரி வந்தது. முன்னால் மேஜர் உட்கார்ந்திருந்தார். அம்புருஷ் ஓடினார், சல்யூட் அடித்தார், காயம்பட்டவன் ஒருவன் இருக்கிறான், தயவுசெய்து ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார். மேஜர் இடமில்லை என்றார். வண்டியில் ரெஜிமெண்ட் கொடியும் ஆவணப் பெட்டிகளும் இருக்கின்றனவாம், அவை எதிரி கையில் சிக்கக்கூடாதாம். அதோடு எல்லை தாண்டப் பெட்ரோல் போதாது, உங்கள் டாங்கியில் இருப்பதைக் கொடுங்கள் என்றார்.

பெட்ரோல் வரும் என்று மூன்று நாள் காத்திருந்தவர்களிடம் பெட்ரோல் கேட்டு வந்திருந்தார் மனிதர். எவனாவது புத்தியுள்ளவன் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான். அம்புருஷ் கொடி என்ற சொல்லைக் கேட்டதும் விறைத்து நின்றார். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, அவருடைய பீப்பாய்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். வாயெல்லாம் பெட்ரோல். கடைசியில் மேஜரின் டிரைவர் ஒரு சிகரெட் கொடுத்தான். அதையும் வாங்கிக்கொண்டேன்.

லாரி கிளம்பியது. அம்புருஷ் சல்யூட் அடித்தபடி நின்றார். பாலத்து மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியபோது தார்ப்பாய் தூக்கிக்கொண்டது. உள்ளே ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. சிங்கக்கால் வைத்த பணக்கார வீட்டுத் தொட்டி. அதற்குள் இரண்டு வாத்துகள் கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துக்கொண்டே எல்லைப் பக்கம் போயின. நான் மெதுவாகத் திரும்பி அம்புருஷைப் பார்த்தேன். கை இன்னும் நெற்றியில்தான் இருந்தது. கண் எங்கே பார்த்தது என்று எனக்குப் புரியவில்லை.

இனி இரண்டு வழிதான் இருந்தது. அடுத்த ஊரில் ஒரு மாட்டு டாக்டர் இருக்கிறார், நடந்து போய் அழைத்துவரலாம் என்றாள் லிடி பெரியம்மா. அம்புருஷுக்கு அது பிடிக்கவில்லை. உத்தரவு போட்டவர்களே போய்விட்ட பிறகு, தன் ஆளை ராணுவ டாங்கியில் முறைப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அந்த வருஷங்களில் எங்களுக்கு வந்த பெட்ரோலிலேயே ஐந்தில் ஒரு பங்கு சாராயச் சத்துதான் கலந்திருப்பார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு பிளம் பழச் சாராயம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். டாங்கியின் பெட்ரோல் தொட்டி அடியில் கொஞ்சம் பெட்ரோலும் மிச்சமிருந்தது.

அவர் என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார்.

"வெந்தெல், நீதான் மெக்கானிக். சாராயத்துல வண்டி ஓடுமா? ஓடாதுன்னா இப்பவே சொல்லிடு, மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பிடலாம்."

"ஓடும், சார்ஜெண்ட் ஐயா," என்றேன் நான்.

ஊருக்குத் தெரியாத பாதி இதுதான். ஓடாது என்று எனக்குத் தெரியும். படைக்கு வருவது தண்ணீர் சுத்தமாக நீக்கிய சத்து. வீட்டில் காய்ச்சுகிற சாராயத்தில் பாதி தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் இஞ்சின் நின்றுவிடும் என்பது டிராக்டர் கழுவுகிறவனுக்குக்கூடத் தெரியும். பிறகு ஏன் ஓடும் என்றேன்? அவர் முகத்தைப் பார்த்துத்தான். படை போய்விட்டது, மேஜர் போய்விட்டார், பெட்ரோல் போய்விட்டது. அந்த மனிதருக்கு மிச்சமிருந்தது அந்த டாங்கி ஒன்றுதான். அதுவும் செத்துப்போய்விட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்? இது பாதிக் காரணம். மீதிக் காரணம் இன்னும் அசிங்கமானது. மூன்று வருஷத்தில் என்னிடம் ஒருவர் நம்பிக் கேட்ட முதல் கேள்வி அது. பெரிய மெக்கானிக் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன், மடையன்.

அப்புறம் நடந்ததை ஊர் இன்னும் நடித்துக் காட்டும். அம்புருஷ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சல்யூட் அடித்து, காயம்பட்ட வீரனுக்காக என்று கேட்டார். பின்னால் நான் பால் கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். ஜெர்மன்காரன் துப்பாக்கியைக் காட்டியும் வெளியே வராத சாராயம் அன்று தானாக வந்தது. எருக்குவியலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள், உருளைக்கிழங்குக் குழியிலிருந்து எடுத்தார்கள். ஒரு வீட்டில் மகள் கல்யாணத்துக்கென்று ஐந்து வருஷமாக வைத்திருந்ததைக் கொடுத்தார்கள். ஒரு கிழவர் குடுவையைக் கொடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அறுபது லிட்டருக்குக் குறையாது. ஊரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.

தெஜோவை லிடி பெரியம்மாவின் இறகு மெத்தையோடு தூக்கி, இஞ்சின் மூடி மேல் படுக்க வைத்துக் கட்டினோம். வலியில் முகம் சாம்பலாகியிருந்தது. நான் ஊற்ற ஊற்ற வாசனை அவன் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்டான். பதினான்கு கிலோமீட்டருக்கு அளவாகத்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் குடிக்கலாம் என்று அம்புருஷ் சொல்லிவிட்டார்.

"விடுங்க ஐயா, வண்டியே குடிக்கட்டும்," என்றான் தெஜோ. "அதுதான் வேலை செய்யப்போகுது. நான் சும்மா படுத்துட்டுதான வரேன்."

நான் ஏறி உட்கார்ந்தேன். அடியிலிருந்த பெட்ரோலில் இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஊர் கை தட்டியது. பிரோஷ்கா கைக்குட்டையை ஆட்டினாள். ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், ஓடிவிடும் என்று நானே நம்பினேன். மாதா கோயிலைத் தாண்டினோம். மதுக்கடை முன்னால் வண்டி இருமியது. குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. தெரு முழுக்க கல்யாண வீட்டு வாசனை. இன்னும் பத்து அடி இழுத்துப் போய், கடைசியாக ஒரு தடவை குலுங்கி, நடுத்தெருவில் குறுக்காக நின்றுவிட்டது. முன்னூறு மீட்டர். லிட்டருக்கு ஐந்து மீட்டர் என்று ஊர் வாத்தியார் பின்னாளில் கணக்குப் போட்டு எனக்கே சொன்னார்.

கழற்றினேன், ஊதினேன், துடைத்தேன். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று மூன்று மணி நேரத்தைக் கடத்தினேன். மத்தியானத்துக்கு மேல் பிரோஷ்கா யாரிடமும் கேட்காமல் அடுத்த ஊருக்கு ஓடினாள்.

நாலு மணிக்கு மாட்டு டாக்டர் வந்தார். பையில் ரம்பம் இருந்தது. தெஜோவை மறுபடி சமையலறைக்குத் தூக்கிப்போய் மேஜை மேல் கிடத்தினோம். அவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்புருஷை வெளியே கூப்பிட்டு, காலையிலேயே வந்திருந்தால் முழங்காலைக் காப்பாற்றியிருப்பேன், இப்போது அதற்கு மேலேதான் எடுக்க வேண்டும், கொண்டுபோக நேரமில்லை என்றார். தன்னிடம் மயக்க மருந்து கிடையாது, மாட்டுக்கு எவன் மயக்க மருந்து கொடுக்கிறான் என்றார். பிறகு வாசலில் கூடி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

"சாராயம் இருக்கா? காயத்தக் கழுவணும். இவன் நெனவு தப்புற அளவுக்குக் குடிக்கவும் வைக்கணும். எந்த வீட்டுல இருந்தாலும் ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப் பார்த்திருந்தால் தேவலை.

நான் தெருவுக்கு ஓடி, டாங்கிக்கு அடியில் படுத்து, வடிகுழாயைத் திறந்து ஒரு சட்டி நிறையப் பிடித்து வந்தேன். டாக்டர் முகர்ந்துவிட்டுக் கீழே கொட்டினார். பாதிரியார் கோயில் ஒயின் அரைக் குவளை கொண்டுவந்தார். அதுதான் தெஜோவுக்குக் கிடைத்தது. தோளை அம்புருஷ் பிடித்தார், நல்ல காலை நான் பிடித்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன், காதை மூடக் கை இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முடிந்த பிறகு அம்புருஷ் கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். வெகுநேரம் தேய்த்தார்.

"வெந்தெல், காலையில அந்த லாரியில பெட்டிங்கதானடா இருந்துது?"

"ஆமா ஐயா, பெட்டிங்கதான்."

"பொய் சொல்லாத. நானும் பாத்தேன். ரெண்டு வாத்து." கையை உதறினார். "பாத்துட்டும் சல்யூட்ட எறக்கல பாரு, அதத்தான் தாங்க முடியல."

தொப்பியிலிருந்த சின்னத்தைப் பிய்த்துக் கிணற்றில் போட்டார். லிடி பெரியம்மா, குடிக்கிற தண்ணீர்க் கிணறு அது என்று சத்தம் போட்டாள். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வாளியை விட்டு அதை எடுக்க முயற்சி செய்ய ஆரம்பித்தார். அப்படிப்பட்ட மனிதர்.

மறுநாள் காலையில் ரஷ்யர்கள் வந்தார்கள். நாங்கள் கையைத் தூக்கினோம், அவர்கள் எங்களைப் பார்க்கவேயில்லை. மோப்பம் பிடித்து நேரே டாங்கிக்குப் போனார்கள். வடிகுழாயைத் திறந்து தகரக் குவளைகளில் பிடித்துக் குடித்தார்கள். மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார்கள். முழுப் போரிலும் எங்கள் டாங்கி எதிரிக்கு விளைவித்த சேதம் அவ்வளவுதான். அவர்களோடு வந்த மருத்துவப் பெண் ஒருத்தி தெஜோவைப் பார்த்தாள், எங்களைக் கண்டபடி திட்டினாள், அவனைத் தன் லாரியில் ஏற்றினாள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாளாம். நாங்கள் கொண்டுபோக நினைத்த அதே ஆஸ்பத்திரிக்கு.

அம்புருஷும் நானும் கைதிகளாகக் கிழக்கே போனோம். இரண்டாவது குளிர்காலத்தில் அவர் காய்ச்சலில் இறந்தார். கடைசி வரைக்கும், சாராயத்தில் ஓட்டலாம் என்ற யோசனை தன்னுடையது, தன்னால்தான் தெஜோவின் கால் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துப் பலகையில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான், டாங்கி விஷயத்தில் சொன்ன பொய்கூட அதற்கு அடுத்ததுதான். நான் திரும்பி வந்தேன். பிறந்த ஊருக்குப் போகாமல் இங்கே வந்தேன். பிரோஷ்கா காத்திருந்தாள் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள், வேறு மாப்பிள்ளை அமையவில்லை என்றுதான் சொல்வாள்.

பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் தெஜோவைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. சமவெளியில் பழங்களை டப்பாவில் அடைக்கும் ஒரு ஆலையின் வாசலில் காவல்காரனாக இருந்தான். மரக்கால். கல்யாணமாகி இரண்டு பெண் பிள்ளைகள். என்னைக் கண்டதும் ஊன்றுகோலால் என் தொப்பியைத் தட்டிவிட்டான், கட்டிப்பிடித்தான், காவல் அறைக்குள் கூட்டிப்போய்த் தக்காளி ஜாடியைத் திறந்தான். மூன்று மணி நேரம் மேஜரையும் வாத்துகளையும் பற்றியே பேசிச் சிரித்தோம். பிறகு நான் சொல்லிவிட்டேன். அம்புருஷ் கேட்டபோது ஓடாது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

தெஜோ ஜாடி மூடியைத் திருகி மூடினான்.

"ஒனக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா," என்றான். "பாதி தண்ணின்னு எனக்கு மட்டும் தெரியாதா? மூணு வருஷம் ஒன் வண்டியிலதான உக்காந்திருந்தேன்."

அப்படியானால் ஏன் தடுக்கவில்லை, ஏன் மெத்தையோடு வந்து படுத்தாய் என்று கேட்டேன்.

"தெரிஞ்சும் ஓடும்ங்கிறானே, அப்ப ஏதோ வழி வச்சிருப்பான்னு நெனச்சேன். எத்தன தடவ எங்களப் பின்னாலயே ஓட்டிக் காப்பாத்தியிருக்க. நீ சொன்னா நம்பாம என்ன பண்ணுவேன்?"

ஆலைச் சங்கு ஊதியது. வேலை விட்ட பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். தெஜோ மரக்காலை ஊன்றி எழுந்து கதவைத் திறக்கப் போனான். கனமான இரும்புக் கதவு. நான் போய் மறுபாதியைத் தள்ளினேன்.